பரம்பரை இதய நோய் இருந்தால் விளையாடவே கூடாதா?

"பையனுக்கு இதயத்துல ஏதோ இருக்காம். பொறந்ததுல இருந்தே இருந்திருக்குதாம். இனிமே கபடி ஆடலாமா, கூடாதா?" தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு குடும்பத்துக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டால், பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வயசுப் பையன்" என்று கண்டுகொள்ளாமல் விடுவார்கள். இல்லையென்றால் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, மாடிப்படி ஏறவும் பயப்படும் அளவுக்கு அவனை வீட்டுக்குள் உட்காரவைத்துவிடுவார்கள். இன்றைய மருத்துவ அறிவு இந்த இரண்டையும் ஏற்பதில்லை. எந்த நோய், எந்த விளையாட்டு, கையில் என்ன ஏற்பாடு இருக்கிறது, இந்த மூன்றையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அந்த முடிவை எப்படி எடுக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே ஆரம்பத்திலிருந்து பார்க்கப்போகிறோம்.

இந்த இரு மாவட்டங்களிலும் விளையாட்டு பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போய், அங்கிருந்து மாநில அளவுக்குப் போகும் பிள்ளைக்கு அதில் கல்லூரி இடம் இருக்கிறது, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகவும் ராணுவத் தேர்வுக்காகவும் விடிவதற்கு முன்பே ரோட்டோரம் ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை பக்கம் எங்கும் பார்க்கலாம். "விட்டுவிடு" என்று ஒரு வார்த்தையில் சொல்வது அவர்கள் வாழ்க்கையையே மாற்றிவிடும். அதனால் அந்த வார்த்தையை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எதைப் பரம்பரை இதய நோய் என்கிறோம்?

நடுவயதில் வரும் மாரடைப்பு வேறு. அங்கே இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகை எல்லாம் அதற்குக் காரணமாகின்றன. நாம் இங்கே பேசுவது 12, 16, 22 வயதில், கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத, பார்க்கத் திடமாக இருக்கும் பிள்ளைகளிடம் இருக்கும் கோளாறு. பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணு மாற்றத்தால் இதயம் கட்டப்பட்ட விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கும்.

கிணற்று மோட்டாரை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். சில சமயம் பம்பே பழுதாகியிருக்கும். சில சமயம் பம்பு நன்றாக இருக்கும், கரண்ட் வரும் வழியில் கோளாறு. இன்னும் சில சமயம் இரண்டுமே சரி, தண்ணீர் போகும் பைப்தான் வலுவில்லாமல் இருக்கும். பரம்பரை இதய நோய்களையும் இப்படித் தசை, மின்னோட்டம், ரத்தக்குழாய் என்று மூன்றாகப் பிரிக்கலாம்.

தசை நோய்களில் அதிகம் காணப்படுவது ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. சுருக்கமாக எச்.சி.எம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவர், ரத்தக் கொதிப்பு போன்ற வெளிக்காரணம் ஏதும் இல்லாமலே தடித்துப்போகும். பெரியவர்களுக்குச் சுமார் 12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் 13 மில்லிமீட்டரே போதும். தடித்த தசைக்குள் மின்னோட்டம் தடுமாறினால் துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுவிடலாம். கேமரூன் நாட்டுக் கால்பந்து வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இந்த நோய் தெரியவந்தது.

500 பேரில் ஒருவருக்கு எச்.சி.எம். இருக்கலாம் என்பது உலக அளவில் சொல்லப்படும் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து 33 லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கை அப்படியே பொருத்திப் பார்த்தால் இரு மாவட்டங்களிலும் 6,000 பேருக்கு மேல் வருகிறது. இவர்களில் பலர் தொந்தரவே வராமல் முழு வயது வாழ்ந்துவிடுவார்கள். நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது.

தசை நோய்களில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரித்மோஜெனிக் கார்டியோமயோபதி என்பதில் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாகவும் தழும்பாகவும் மாறிவிடும். மற்ற நோய்களிலிருந்து இது ஒரு விதத்தில் வேறுபடுகிறது. கடுமையான உடற்பயிற்சி, முக்கியமாக நெடுந்தூர ஓட்டம், இந்த நோயின் வேகத்தையே கூட்டிவிடும். அதனால் மருத்துவக் கட்டுப்பாடுகள் எவ்வளவோ தளர்ந்திருக்கும் இன்றைக்கும், இதில் மட்டும் போட்டி விளையாட்டு வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

மின்னோட்டக் கோளாறுகளில் இதயத்தை அறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. லாங் க்யூ.டி. சிண்ட்ரோம் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்ததற்குத் தயாராக இதயம் எடுத்துக்கொள்ளும் நேரம் இவர்களுக்கு நீண்டுவிடும். இ.சி.ஜி.யில் அந்த நேரத்தை அளக்கலாம். இதில் முதல் வகைக்காரருக்கு ஆபத்து ஓட்டத்திலும் நீச்சலிலும். இரண்டாம் வகைக்குத் திடீர்ச் சத்தம்: அலாரம், போன் மணி. மூன்றாம் வகைக்குத் தூக்கம். நோய்க்குப் பெயர் ஒன்றுதான், ஆனால் மூன்று பேருக்கும் எச்சரிக்கை வேறு வேறு.

நீச்சலைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நம் பக்கத்தில் பிள்ளைகள் நீந்துவது விவசாயக் கிணற்றிலும் ஏரியிலும்தான். நன்றாக நீச்சல் தெரிந்த பிள்ளை கிணற்றில் குதித்து மேலே வரவில்லை என்றால், கல்லில் அடிபட்டிருக்கும், சேற்றில் மாட்டியிருக்கும் என்று பேசி முடித்துவிடுகிறோம். பல சமயம் அதுதான் உண்மையாகவும் இருக்கும். ஆனால் சில சமயம் தண்ணீருக்குள் இதயத் துடிப்பு தாறுமாறாகி, நினைவு தப்பி, அதனால் மூழ்கியிருக்கலாம். காரணம் புரியாமல் மூழ்கிய ஒருவர் குடும்பத்தில் இருந்தால், இதய மருத்துவரிடம் போகும்போது அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அண்ணனுக்கு நடந்ததற்குப் பதில் கிடைக்காமல் போகலாம், தம்பிக்கு எடுக்கும் ஒரு இ.சி.ஜி. அவனைக் காப்பாற்றலாம்.

சி.பி.வி.டி. என்ற இன்னொரு மின்னோட்ட நோய் இதைவிட அரிது, ஆனால் ஏமாற்றக்கூடியது. படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி. சரியாக இருக்கும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் சரியாக இருக்கும். ஓடும்போதும் உணர்ச்சிவசப்படும்போதும் சுரக்கும் அட்ரினலின்தான் அதை வெளியே கொண்டுவரும். டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தால்தான் தெரியும். புருகாடா என்ற மின்னோட்ட நோய் பெரும்பாலும் காய்ச்சலிலும் தூக்கத்திலும் தலைகாட்டும். இவர்கள் காய்ச்சல் வந்தால் உடனே குறைத்துக்கொள்ள வேண்டும், காய்ச்சலோடு மைதானத்தில் இறங்கக் கூடாது.

மூன்றாவது, ரத்தக்குழாய். மார்ஃபான் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பெரும்பாலும் நெடுநெடுவென்று உயரமாக, நீண்ட கை, நீண்ட விரல்களோடு இருப்பார்கள். வாலிபால், கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கும் ஆசிரியர் கண்ணில் முதலில் படுவதும் அவர்கள்தான். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவர் அவர்களுக்கு வலுவில்லாமல் இருக்கும், மெல்ல விரிந்துகொண்டே போகும், கிழியவும் கூடும். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின்போது இப்படித்தான் இறந்தார். உயரமானவர் எல்லோருக்கும் மார்ஃபான் இருக்காது. உயரத்தோடு நெஞ்செலும்பு குழிந்தோ துருத்தியோ இருப்பது, முதுகு வளைவு, சின்ன வயதிலேயே கண்ணாடி, கண் லென்ஸ் விலகல் என்று சேர்ந்து வந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது.

குடும்பத்தில் எப்படி வருகிறது?

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, தாய் தந்தையில் ஒருவரிடம் மரபணு மாற்றம் இருந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. மாற்றம் வந்த எல்லோருக்கும் நோய் வெளிப்படும் என்றும் இல்லை. தாத்தாவுக்கு இருந்து, அப்பாவிடம் வெளியே தெரியாமலே இருந்து, பேரனிடம் கடுமையாக வரலாம்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுப்பது இங்கே இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் அதே மாற்றம் வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வரும். ஜெர்வெல், லாங்கே நீல்சன் என்ற இருவர் 1957இல் விவரித்த நோய் அப்படிப்பட்டது. அரிதுதான். ஆனால் பிறவியிலேயே காது கேட்காது, கூடவே லாங் க்யூ.டி.யும் கடுமையாக இருக்கும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் சேரும் முன், இன்னும் சொல்லப்போனால் சேராவிட்டாலும்கூட, ஒரு தடவை இ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு தடவை மயங்கி விழுந்திருந்தால் தள்ளியே போடாதீர்கள்.

குடும்பத்தில் யாரும் இதயநோயில் இறக்கவில்லை என்று சொல்வதற்கு முன் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். 50 வயதுக்கு முன் தூக்கத்திலேயே போனவர், காட்டு வேலையில் திடீரென்று விழுந்தவர், நேர் ரோட்டில் தனியாகப் போய் மரத்தில் மோதியவர், கைக்குழந்தையாகக் காரணம் தெரியாமல் இறந்தது, இதெல்லாம் பாட்டிகளின் நினைவில்தான் இருக்கும். பேய் அடித்துவிட்டது, காத்து கருப்பு பட்டது என்று அவர்கள் சொன்னாலும் அதைத் தள்ளிவிடாமல், அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

மயக்கத்தில் வித்தியாசம் இருக்கிறது

பெற்றோரும் விளையாட்டு ஆசிரியர்களும் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

காலைப் பிரேயரில் வெயிலில் நெடுநேரம் நின்று, கண் இருட்டி, வியர்த்து, மெல்லச் சரிந்து விழும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆபத்து இல்லை. நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கியதால் வந்த மயக்கம் அது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கையை ஊன்றக்கூட முடியாமல் முகம் அடிபட விழுவது முற்றிலும் வேறு. பந்தயம் முடிந்து நின்ற பிறகு தலைசுற்றுவதைக் காட்டிலும், பந்தயத்தின் நடுவில் விழுவது பல மடங்கு கவலைக்குரியது. அப்படி விழுந்த பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழுந்து சிரித்தாலும், அன்றைக்கு மறுபடி ஓடவிடக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அடுத்த நாளும் கூடாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? "காலையில சாப்பிடாம வந்திருப்பான்" என்று குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து நிழலில் உட்காரவைக்கிறோம். அடுத்த சுற்றுக்கு ஆள் குறைகிறது என்று மறுபடி கூப்பிடுகிறோம். விழுந்தபோது கைகால் வெட்டியிருந்தால் காக்காய் வலிப்பு என்று முடிவு கட்டி, கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். இதயம் சில நொடி ரத்தம் அனுப்பாமல் போனால் மூளை தவித்து, கைகால் வெட்டத்தான் செய்யும். லாங் க்யூ.டி., சி.பி.வி.டி. உள்ள பிள்ளைகள் பல வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பது உலகம் முழுக்க நடக்கும் தவறு. ஓடும்போது, நீந்தும்போது, திடுக்கிடும்போது மட்டும் "வலிப்பு" வருகிறது என்றால், வலிப்புக்குப் பார்க்கும் டாக்டரிடமே "ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேட்கலாம்.

ஓடும்போது நெஞ்சுவலி, கூட ஓடுபவர்களைவிட ரொம்ப அதிகமாக மூச்சிரைப்பது, நெஞ்சு திடீரென்று படபடவென்று அடித்துத் திடீரென்று நிற்பது ஆகியவையும் இதே வரிசையில் வருகின்றன.

என்ன சோதனை, எங்கே?

முதலில் இ.சி.ஜி., அப்புறம் எக்கோ. இரண்டையும் மாவட்டத் தலைநகரத்திலேயே எடுத்துவிடலாம். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சந்தேகம் தீராவிட்டால் டிரெட்மில், நாள் முழுக்க உடம்பில் மாட்டி அனுப்பும் ஹோல்டர், இதய எம்.ஆர்.ஐ., கடைசியாக மரபணுச் சோதனை. இதயத் துடிப்புக் கோளாறுக்கென்றே இருக்கும் மருத்துவரை எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட் என்பார்கள். அதற்குப் பெங்களூரு, வேலூர், சென்னை என்று போக வேண்டியிருக்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு கைக்கெட்டும் தூரம்.

சோதனையில் ஒரு குழப்பம் வரலாம். பல வருடம் கடுமையாகப் பயிற்சி எடுத்தவரின் இதயம் இயல்பாகவே கொஞ்சம் பெரிதாகி, சுவரும் தடித்திருக்கும். அது நோயில்லை, உழைப்பின் அடையாளம். 13, 14 மில்லிமீட்டர் என்று வந்தால் நோயா பயிற்சியா என்று சொல்வது மருத்துவருக்கே கஷ்டம். சில மாதம் பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி அளந்து பார்ப்பார்கள். பயிற்சியால் தடித்தது குறையும், நோயால் தடித்தது குறையாது. அதனால் "மூணு மாசம் ரெஸ்ட்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அது தண்டனை இல்லை, சோதனையின் ஒரு பகுதி என்று பிள்ளைக்குப் புரியவைக்க வேண்டும்.

மரபணுச் சோதனையில் ஒரு மாற்றம் தெரிந்துவிட்டாலே நோயாளி என்று முத்திரை குத்தவும் கூடாது. எச்.சி.எம். நோயோடு தொடர்புள்ள எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. அதை வைத்திருக்கும் பெரும்பாலானவர்கள் இளம் வயதில் நன்றாகவே இருக்கிறார்கள். எச்.சி.எம். மரபணு இருந்தும் எக்கோவில் தடிப்பே இல்லாதவர்கள், அவ்வப்போது சோதித்துக்கொண்டு எல்லா விளையாட்டும் ஆடலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டல்.

தடையிலிருந்து பேச்சுக்கு

சரி, நோய் உறுதியாகிவிட்டது. இனி? 40 வருடங்களுக்கு முன் பதில் சுலபம். 1984இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய நிபுணர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். 2005 வரை அது திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது. எச்.சி.எம். இருந்தால் கோல்ஃப், பில்லியர்ட்ஸ் போன்ற மெதுவான ஆட்டங்களைத் தவிர போட்டி எதுவும் கூடாது என்பதே சாரம். அதற்குப் போதுமான ஆய்வு இருந்ததா என்றால், இல்லை. இளம் வீரர்கள் மைதானத்தில் செத்து விழுந்ததைப் பார்த்த பயமும், எதற்கும் தடுத்துவைப்போம் என்ற நல்லெண்ணமும்தான் அதற்குப் பின்னால் இருந்தன.

பிறகு ஆய்வுகள் வந்தன. 2017இல் எச்.சி.எம். உள்ள 136 பேரை வைத்து நடந்த சோதனையில், 16 வாரம் மிதமான உடற்பயிற்சி செய்தவர்களின் உடல்திறன் கூடியது. பயிற்சியால் யாரும் சாகவில்லை. 2023இல் 1,660 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வந்தது. கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, மிதமாகச் செய்தவர்களையும் சும்மா இருந்தவர்களையும் விட ஆபத்து கூடுதலாக இல்லை என்று அதில் தெரிந்தது. லாங் க்யூ.டி. உள்ளவர்களிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. 2024இல் வந்த அமெரிக்க வழிகாட்டல், எச்.சி.எம். உள்ள பெரும்பாலானவர்களை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவைக்கத் தேவையில்லை என்று எழுதிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மைதானத்துக்கு ஓடிவிடக் கூடாது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அனுபவமுள்ள மருத்துவரிடம் ஒழுங்காகச் சிகிச்சையில் இருந்தவர்கள். எத்தனை பேருக்கு மாத்திரை, யாருக்கு நெஞ்சில் வைக்கும் கருவி என்றெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கண்டுபிடிக்கப்படாமலே ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த நிம்மதி பொருந்தாது.

டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் கதை பலருக்குத் தெரியும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டார்கள். பிறகு நெஞ்சில் ஐ.சி.டி. என்ற சின்னக் கருவி வைத்தார்கள். துடிப்பு தாறுமாறானால் அது உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். அந்தக் கருவியோடு இத்தாலிய லீக்கில் ஆட அந்நாட்டு விதி விடவில்லை. இங்கிலாந்தில் தடை இல்லை. 2022 தொடக்கத்தில் அங்கே ஒரு அணியில் சேர்ந்தார், அதே ஆண்டு உலகக் கோப்பையிலும் ஆடினார். அவருக்கு வந்த காரணம் வெளியே சொல்லப்படவில்லை. அதே வீரர், அதே கருவி. ஒரு நாடு கூடாது என்றது, இன்னொரு நாடு உன் விருப்பம் என்றது. இதில் எந்த நாடு சரி என்பதைவிட, முடிவெடுக்கும் இடத்தில் வீரரும் உட்கார்ந்திருந்தாரா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்றைக்கு மருத்துவர்கள் சொல்வது அதுதான். ஆபத்து எவ்வளவு என்று மருத்துவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளை தனக்கு இந்த விளையாட்டு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். பெற்றோர், பயிற்சியாளர் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், வருடா வருடம் அதை மறுபடி பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இதில் விடுபடுவது பிள்ளையின் குரல். 15 வயதுப் பெண்ணின் கோ-கோவை நிறுத்துவதைப் பற்றி அப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் பேசுவார்கள், அவளை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் தடுத்த பிள்ளை திருட்டுத்தனமாக ஆடும். மாத்திரை போடாமல், மயக்கம் வந்தாலும் சொல்லாமல் ஆடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை.

நோயைப் பொறுத்து விளையாட்டை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. மார்ஃபானில் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவதும், கபடி மாதிரி மோதிக்கொள்ளும் ஆட்டமும் வேண்டாம் என்பார்கள். நடை, மிதமான சைக்கிள் பெரும்பாலும் சரி. ஐ.சி.டி. வைத்தவர் கபடி ஆடினால் கருவியிலும் ஒயரிலும் அடிபடும் பயம் இருக்கிறது. அதே ஆள் இறகுப்பந்து ஆடுவதில் அந்தச் சிக்கல் குறைவு. லாங் க்யூ.டி. முதல் வகையும் சி.பி.வி.டி.யும் இருந்தால் தனியாகக் கிணற்றில் இறங்கவே கூடாது. இதற்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. சுவர் தடித்து ரத்தம் வெளியேறும் வழி குறுகியிருக்கும் எச்.சி.எம். காரர்கள், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடினால் நிலைமை சட்டென்று மோசமாகும்.

மாத்திரை விஷயம். இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் என்ற வகை மாத்திரைதான் இவற்றில் பலவற்றுக்கு அடிப்படை மருந்து. போட்டி நாளில் கால் கனக்கிறது என்று ஒரு வேளை விட்டுவிடுவது பலர் செய்யும் காரியம். அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை. வில்வித்தை, துப்பாக்கி சுடுதலில் அந்த மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பதால், அந்த ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே மருத்துவச் சான்றோடு விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். லாங் க்யூ.டி. உள்ளவர்கள் மெடிக்கலில் தாமாகக் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. அசித்ரோமைசின் போல நாம் சளிக்குச் சாதாரணமாக விழுங்கும் சில மருந்துகளே அவர்களுக்கு ஆபத்து. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்து. காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஜிம்மில் கொடுக்கும் பவுடர், எனர்ஜி டிரிங்க் எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

ஒருவருக்கு நோய் தெரிந்துவிட்டால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். எச்.சி.எம். குடும்பமென்றால் வளரும் வயதில் 1 முதல் 2 வருடத்துக்கு ஒரு முறை, பெரியவர்களுக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. ஒரு தடவை எக்கோ சரியாக வந்தது என்று நிறுத்திவிட முடியாது. நோய் பெரும்பாலும் வாலிப வயதில்தான் தலையெடுக்கும்.

மைதானத்தில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

நோய் தெரிந்த பிள்ளைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, தெரியாத பிள்ளைகளுக்காகவும்தான். இதயம் நின்ற பிறகு மின்னதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலோ, சித்தேரி மலையிலோ, அஞ்செட்டியிலோ போட்டி நடக்கும்போது 108 வண்டி வந்து சேரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அதுவரை அந்த உயிர் அங்கே நிற்பவர்கள் கையில்தான்.

விழுந்தவரைத் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு நிமிடம் விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு உண்மையான மூச்சு இல்லை, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒருவர் 108க்குப் போன் போட வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, பெரியவரானால் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது, சாவி தேடி ஓடக் கூடாது. அழுத்துபவர் களைத்துவிடுவார். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று மாறிக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. என்ற கருவி இருந்தால் உடனே எடுத்து வர வேண்டும். திறந்ததும் அதுவே பேசும், எங்கே ஒட்ட வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்று சொல்லும், அதிர்ச்சி தேவையா என்பதையும் அதுவே முடிவு செய்யும். படிக்காதவரும் இயக்கலாம். நம் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் அது இல்லை. வாலிபால் வலைக்கும் கபடி விரிப்புக்கும் நன்கொடை கேட்கும்போது முன்னாள் மாணவர்களிடம் இதையும் கேட்கலாம். ஓசூர், பர்கூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிய பிறகு அதைத் தலைமையாசிரியர் அறைக்குள் பூட்டி வைக்காமல், மைதானத்திலிருந்து ஓடி எடுக்கும் தூரத்தில் திறந்த இடத்தில் மாட்டி, பேட்டரித் தேதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.